மழை பெய்தாலும் காபி விவசாயி கவலைப்படுவது ஏன்? பூக்கும் முறையிலிருந்து தூள் விலை வரை

ஜனவரியில் குடகிலோ ஏற்காட்டிலோ நல்ல மழை பெய்தால், "பருவம் தப்பிய மழை, காபி விவசாயிகள் கவலை" என்று செய்தி வருகிறது. மார்ச்சில் மழை இல்லாவிட்டாலும் கவலை என்றே செய்தி. ஏப்ரலில் ஒருநாள் பெய்து ஓய்ந்தால், "இன்னொரு மழை வேண்டும்" என்கிறார்கள். சில மாதம் கழித்துத் தூள் விலை ஏறுகிறது. பிரேசிலில் பனி, வியட்நாமில் வறட்சி என்று காரணம் சொல்லப்படுகிறது. பெய்தாலும் குறை, பெய்யாவிட்டாலும் குறை என்றால் இந்தச் செடிக்கு என்னதான் வேண்டும்?

பதில் செடி பூக்கும் முறையில் இருக்கிறது. காபிக்கு மழை எவ்வளவு தேவையோ, அதே அளவுக்கு வறட்சியும் தேவை. இரண்டும் தத்தம் மாதத்தில் வரவேண்டும். ஆண்டு முழுக்கப் பெய்த மொத்த மழை சரியாக இருந்தும், ஒரு வாரம் முன்பின்னாகப் பெய்ததால் விளைச்சல் பாதியாகப் போன தோட்டங்கள் உண்டு.

செடி ஒன்றல்ல, இரண்டு

சந்தையில் விற்கும் காபி முழுவதும் ஏறக்குறைய இரண்டே இனங்களிலிருந்து வருகிறது. இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் குணம் வேறு.

அராபிகா எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகளில் தோன்றியது. குளிர்ந்த மலை வேண்டும்: இந்தியாவில் 1,000 முதல் 1,500 மீட்டர் உயரம், 15 முதல் 25 டிகிரி வெப்பம். தன் மகரந்தத்தாலேயே காய் பிடித்துக்கொள்ளும். நோய்க்கும் தண்டுத் துளைப்பானுக்கும் எளிதில் இலக்காகும். பழனி மலையின் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, சேர்வராயன் மலையின் ஏற்காடு ஆகிய இடங்களில் விளைவது பெரும்பாலும் இதுதான்.

ரொபஸ்டா 500 முதல் 1,000 மீட்டரில், 20 முதல் 30 டிகிரி வெப்பத்திலும் செழிக்கும். வேர் மேலாக ஓடுவதால் நீண்ட வறட்சி தாங்காது. ஒரு செடியின் மகரந்தம் அதே செடியில் காய் பிடிக்காது. வேறு செடியிலிருந்து காற்றோ தேனீயோ கொண்டுவர வேண்டும். வயநாடு, குடகு, கூடலூர், பந்தலூர் பக்கம் இதுதான் அதிகம். இந்திய உற்பத்தியில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு ரொபஸ்டா. நம் வீட்டு ஃபில்டர் தூளில் பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும்.

பூ எங்கே வருகிறது?

காபிச் செடியில் இரண்டு விதக் கிளைகள் உண்டு. நேராக மேலே போகும் தண்டு. அதிலிருந்து பக்கவாட்டில் எதிரெதிராக நீளும் கிளைகள். பூவும் காயும் பக்கக் கிளையில் மட்டுமே. அதிலும் சென்ற பருவத்தில் புதிதாக வளர்ந்த பகுதியின் கணுக்களில்தான் நிறையப் பூக்கும். ஒருமுறை நன்றாகக் காய்த்து முடிந்த கணு திரும்ப ஒழுங்காகக் காய்ப்பதில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பல விஷயங்கள் விளங்கும். இந்த ஆண்டு காய்க்கும் இடம் சென்ற ஆண்டே வளர்ந்திருக்க வேண்டும். சென்ற ஆண்டு இலை உதிர்ந்து கிளை நீளாமல் போயிருந்தால், இந்த ஆண்டு எவ்வளவு நல்ல மழை பெய்தாலும் பூக்க இடமில்லை. அராபிகா ஓர் ஆண்டு தாராளமாகவும் அடுத்த ஆண்டு குறைவாகவும் காய்ப்பது இதனால்தான்: அதிகக் காய் பிடித்த ஆண்டில் இலை தயாரிக்கும் உணவு முழுவதும் காய்க்கே போகிறது, புதுக் கிளைக்கு மிஞ்சுவதில்லை. காய் மிக அதிகமாகிவிட்டால் கிளை நுனி காய்ந்து, வேரும் மெலிந்து, செடி மீள இரண்டு மூன்று ஆண்டு ஆகும்.

மொட்டு தூங்குவதும் விழிப்பதும்

மழைக்காலம் முடியும் தறுவாயில், செப்டம்பர் முதல் நவம்பருக்குள், இலைக்கும் கிளைக்கும் இடையிலுள்ள கக்கத்தில் பூமொட்டுகள் உருவாகத் தொடங்கும். நான்கு முதல் எட்டு மில்லிமீட்டர் நீளம் வந்ததும் வளர்ச்சி நின்றுவிடும். பச்சையாக, லேசாகப் பிசின் பூசியதுபோல, அப்படியே வாரக்கணக்கில் இருக்கும். இதை மொட்டின் உறக்கநிலை என்கிறோம்.

அடுத்து வரும் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் வறட்சிதான் முக்கியமான கட்டம். மண் காயக் காய, முன்னால் பிறந்த மொட்டு, பின்னால் பிறந்த மொட்டு எல்லாம் ஒரே நிலைக்கு வந்து சேருகின்றன. வறட்சி மொட்டுகளை விழிக்கத் தயாராக்குகிறது. வறட்சியை அனுபவிக்காத மொட்டு நீர் கிடைத்தாலும் சரியாக விழிப்பதில்லை.

பிறகு 25 முதல் 40 மில்லிமீட்டர் வரை ஒரே மூச்சில் ஒரு மழை. தோட்டங்களில் இதை ப்ளாசம் ஷவர் என்றே சொல்கிறார்கள். பூ மழை என்று வைத்துக்கொள்வோம். நீர் ஏறியதும் மொட்டு சில நாளிலேயே மூன்று மடங்கு நீண்டு வெளுக்கும். ரொபஸ்டாவில் ஏழெட்டு நாளிலும், அராபிகாவில் ஒன்பது பத்து நாளிலும் தோட்டம் முழுவதும் ஒரே விடியற்காலையில் பூத்துவிடும். ஒரு கணுவில் பத்து இருபது பூ, மல்லிகை வாசனை, கிளையே தெரியாத வெள்ளை. காலைக்குள் மகரந்தம் வெளிப்படும்; இரண்டு மூன்று நாளில் இதழ் பழுப்பேறி உதிரும். அந்த ஆண்டின் விளைச்சலில் பெரும்பகுதி இந்தச் சில நாட்களுக்குள் முடிவாகிவிடுகிறது.

பூத்து இரண்டு மூன்று வாரத்துக்குள் 20 முதல் 25 மில்லிமீட்டர் அளவில் இன்னொரு மழை வேண்டும். இதைத் தோட்டக்காரர்கள் பேக்கிங் ஷவர் என்பார்கள். இது பிடித்த பிஞ்சை நிறுத்துகிற மழை. இது வராமல் வெயில் கொளுத்தினால் பிஞ்சு கருகிக் கொட்டும். "பூ நன்றாகத்தான் பூத்தது, காய்தான் இல்லை" என்று விவசாயி சொன்னால், பெரும்பாலும் தவறியது இந்த இரண்டாவது மழைதான்.

வறட்சிக்காலமே இல்லாத ஊரில் என்ன ஆகும் என்பதற்குக் கொலம்பியா சான்று. அங்கே ஆண்டு முழுவதும் மழை பரவலாகப் பெய்வதால் செடி பல தவணையாகப் பூக்கிறது. ஒரே கிளையில் பூ, பச்சைக்காய், பழம் மூன்றும் இருக்கும். பழம் பறிக்கும் வேலை ஏறத்தாழ ஆண்டு முழுவதும் நடக்கிறது. பெரிய அறுவடை ஒன்று, நடுவில் சிறிய அறுவடை ஒன்று என்று அவர்களுடைய கணக்கே வேறு. நம் மலைகளில் ஒருமுகமாகப் பூத்து ஒருமுகமாகப் பழுப்பதற்குக் காரணம் நம்முடைய நீண்ட வறட்சிக்காலம்தான்.

எந்த மழை எப்போது கெடுக்கும்?

செய்தியில் "மழையால் பாதிப்பு" என்று படித்தால் முதலில் மாதத்தைப் பாருங்கள். சேதத்தின் வகை அதைப் பொறுத்தது.

1. நவம்பர், டிசம்பர், ஜனவரி மழை. பழம் செடியில் இருக்கும் நேரம். அதிகம் நனைந்த பழம் வெடிக்கும், உதிரும். களத்தில் காயப் போட்டது பூசணம் பிடிக்கும். மழை பலமாக இருந்தால் இன்னொரு கேடும் உண்டு: பழம் இருக்கும்போதே பாதி மொட்டு விழித்துப் பூத்துவிடும். அப்போது பழத்தைப் பறிக்கும் கை பூவையும் பிஞ்சையும் உதிர்க்கிறது. பறிக்காமல் விட்டால் பழம் வீணாகும். இதற்குச் சரியான தீர்வு கிடையாது. தொழிலாளர் மெல்லப் பறிப்பது, கூலி கூடுவது, கொஞ்சம் இழப்பது, இவ்வளவுதான் வழி. பழனி, சேர்வராயன் மலைகளுக்கு வடகிழக்குப் பருவமழையே அறுவடை நேரத்தில் வருவதால், கர்நாடகத்தைவிட இந்தத் தொல்லை இங்கே கூடுதல்.

2. பிப்ரவரி, மார்ச்சில் ஐந்து பத்து மில்லிமீட்டர் தூறல். பலருக்கும் புரியாத கேடு இதுதான். மொட்டை விழிக்கவைக்கப் போதும், மலரவைக்கப் போதாது. மொட்டு பாதி நீண்டு, இளஞ்சிவப்பாகி, அப்படியே நின்று காயும். வெப்பமும் அதிகமானால் இதழ்கள் பச்சையாகச் சிறுத்து நட்சத்திரம்போல விறைத்து நிற்கும். அதில் காய் பிடிக்காது. அந்த மொட்டு திரும்பத் தூங்கப் போகாது. முழு வறட்சியைவிடத் தூறல் மோசம் என்று அனுபவசாலிகள் சொல்வது சரியான சொல்.

3. பூத்த அன்று காலை மழை. மகரந்தம் கழுவிப் போகும், தேனீ வெளியே வராது. ரொபஸ்டாவுக்கு இது பெரிய அடி. அராபிகா பூவில் கணிசமான பகுதி மலரும் முன்னரே தன் மகரந்தத்தை வாங்கிக்கொள்வதால் சேதம் குறைவு.

4. ஜூலை, ஆகஸ்டில் நிற்காத மழை. பூத்தபின் பல வாரம் குண்டூசித் தலை அளவில் இருக்கும் பிஞ்சு, தென்மேற்குப் பருவமழை வந்ததும்தான் வேகமாகப் பருக்கும். கொட்டை எவ்வளவு பெரிதாகும் என்பது அப்போது கிடைக்கும் நீரில் இருக்கிறது. ஆனால் நாள் கணக்கில் வெயிலே படாமல் பெய்தால் வேர் மூச்சுமுட்டிக் காய் உதிரும். கறுப்பு அழுகல் என்ற பூசணநோய் இலையையும் காயையும் பற்றும். வால்பாறை, குடகு போன்ற மேற்குச் சரிவுகளில் பயப்படவேண்டிய மாதங்கள் இவை.

5. இரண்டு பூ மழைகள், இடையில் நீண்ட இடைவெளி. தோட்டம் இரண்டு மூன்று தவணையாகப் பூக்கும். விளைச்சல் அளவு குறையாமலும் இருக்கலாம். ஆனால் பழுப்பதும் தவணையாகும். ஒரே செடிக்கு நாலைந்து முறை ஆள் போகவேண்டும். பறிப்புக் கூலி தோட்டச் செலவில் பெரும்பங்கு என்பதால், இதில் லாபம் முழுக்கக் கரைந்துவிடும்.

ஸ்பிரிங்க்ளர் வைத்தால் தீராதா?

ரொபஸ்டாவில் பலர் அதைத்தான் செய்கிறார்கள். குடகிலும் வயநாட்டிலும் பிப்ரவரி, மார்ச்சில் குளத்திலிருந்து மோட்டார் போட்டுச் செயற்கை மழை பொழியவைப்பது வழக்கமான வேலை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர் மழைக்குச் சமமான நீரை ஓர் ஏக்கரில் பொழிய சுமார் ஒன்றரை லட்சம் லிட்டர் வேண்டும். பத்தடிக்குப் பத்தடி நட்டால் ஏக்கருக்கு 435 ரொபஸ்டா செடி. செடிக்கு 350 லிட்டர். இரண்டு மூன்று வாரத்தில் திரும்ப ஒருமுறை அதில் பாதிக்கு மேல். பத்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு இருபது லட்சம் லிட்டருக்குக் குறையாமல் தேக்கிவைத்த நீர் வேண்டும், அதுவும் ஓடை வற்றும் மாதத்தில்.

குறைத்துப் பாய்ச்சி நீரை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைப்பவர்கள் மேலே சொன்ன தூறலைத் தாங்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள். நீர் குறைவாக இருந்தால் பரப்பைக் குறைத்து, எடுத்துக்கொண்ட துண்டுக்கு முழு அளவு பாய்ச்சுவதே சரி. பழனி மலையின் சரிவான அராபிகாத் தோட்டங்களில் பெரும்பாலும் இந்த வசதியே கிடையாது, வானம்தான் கணக்கு.

மழைக்கு முன்னால் செய்துவைக்க வேண்டியவை

மழையை வரவழைக்க முடியாது. வரும்போது செடி தயாராக இருக்கவேண்டும். தோட்ட வேலை என்பதே பெரும்பாலும் இந்தத் தயாரிப்புதான்.

நிழலிலிருந்து தொடங்குவோம். இந்தியக் காபி ஏறத்தாழ முழுவதும் மரநிழலில் வளர்வது. பிரேசிலின் திறந்தவெளித் தோட்டம் போன்றதல்ல. கீழ் அடுக்கில் கல்யாண முருங்கை, மேல் அடுக்கில் பலா, அத்தி இன மரங்கள், சில்வர் ஓக்; அவற்றின்மேல் மிளகுக் கொடி. நிழல் கோடையின் வெப்பத்தைத் தணிக்கிறது, மண் ஈரத்தைக் காக்கிறது, ஒரே ஆண்டில் அளவுக்கு மீறிக் காய்க்காமல் செடியைக் கட்டுப்படுத்துகிறது. கல்யாண முருங்கையைப் பருவமழைத் தொடக்கத்தில் கழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் வெளிச்சம் போதாமல் மொட்டு உருவாவதே குறையும். நிழலை அடியோடு வெட்டினால் முதல் ஆண்டு விளைச்சல் கூடும். அதைப் பார்த்து ஏமாந்து மரத்தை விற்றவர்கள், இரண்டு மூன்று ஆண்டுகளில் தண்டுத் துளைப்பானுக்குச் செடிகளைப் பறிகொடுத்திருக்கிறார்கள்.

அடுத்து கவாத்து, அதாவது கிளை கழிக்கும் வேலை. அராபிகாவை 75 சென்டிமீட்டர் உயரத்தில் ஒருமுறை நுனி கிள்ளி, பிறகு நான்கடிக்குள் இரண்டாவது அடுக்கில் நிறுத்துவது நம் ஊர் முறை. அறுவடை முடிந்ததும் காய்த்து ஓய்ந்த கிளை, காய்ந்த குச்சி, தண்டிலிருந்து நேராகக் கிளம்பும் நீர்ப்போத்து ஆகியவற்றை எடுக்கவேண்டும். தண்டிலிருந்து அரையடித் தூரத்துக்குள் வரும் சிறு கிளைகளையும் எடுத்து நடுவில் வெளிச்சம் இறங்க வழிசெய்ய வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு மூன்று முறை நீர்ப்போத்து கிள்ளும் வேலை உண்டு. அதைத் தவறவிட்டால் புதுக் கிளைக்குப் போகவேண்டிய உணவை அது தின்றுவிடும். புதுக் கிளை இல்லையென்றால் அடுத்த ஆண்டுப் பூவுக்கு இடமில்லை.

உரத்தை ஒரே தடவையில் கொட்டாமல், பூ மழைக்கு முன், பூத்தபின், மழைக்கால நடுவில், மழை முடிந்தபின் என்று பிரித்து இடவேண்டும். மண்ணின் கார அமிலநிலை (pH) 6 முதல் 6.5க்குள் இருப்பது நல்லது. மழை அதிகமுள்ள மலைமண்ணில் அமிலம் தானாகவே கூடும் என்பதால் இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை மண்ணைச் சோதித்துச் சுண்ணாம்பு இடவேண்டும்.

மூன்று எதிரிகள்

இலைத்துரு. இலையின் அடிப்பக்கம் ஆரஞ்சு நிறப் பொடி. விரலால் தடவினால் ஒட்டும். இலைமேல் நீர்த்துளி சில மணி நேரம் நின்றால்தான் இதன் விதைத்துகள் முளைக்கும். எனவே விட்டுவிட்டு மழையும் மூடுபனியும் இருக்கும் ஆண்டில் பெருகும். காயை நேரடியாகத் தொடாது. இலையை உதிர்த்து, கிளையை வளரவிடாமல் செய்து, அடுத்த ஆண்டின் விளைச்சலைக் கெடுக்கும். இலங்கையில் 1869இல் கண்டறியப்பட்ட இந்த நோய், அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்நாட்டின் கோப்பித் தொழிலையே முடித்துவிட்டது. கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட தொழிலாளர்கள் தேயிலைக்கு மாற்றப்பட்ட வரலாறு அதிலிருந்து தொடங்குகிறது.

மருந்து போர்டோ கலவை, அரை சதவீதம். 200 லிட்டருக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ. இரண்டையும் தனித்தனியே பிளாஸ்டிக் அல்லது மரத் தொட்டியில் கரைக்க வேண்டும், உலோகப் பாத்திரம் ஆகாது. கலந்தபின் துரு நீக்கிய சாதாரண இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் அமிழ்த்திப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே அடித்தால் இலை கருகும். இன்னும் சுண்ணாம்புப் பால் சேர்க்கவேண்டும். கலந்த அன்றே அடித்துவிட வேண்டும். இலையின் அடிப்பக்கம் நனையாமல் மேலே மட்டும் நீலம் பூசியதுபோல் அடிப்பது வீண் செலவு. பருவமழைக்கு முன்னும் பின்னும் கட்டாயம். நோய் அதிகமுள்ள இடத்தில் பூ மழைக்கு முன்னும் ஒருமுறை.

வெள்ளைத் தண்டுத் துளைப்பான். அராபிகாவின் பெரும் பகை. வண்டு வெயில் படும் தண்டின் பட்டை வெடிப்பில் முட்டையிடும். புழு கட்டையைக் குடைந்துகொண்டே போகும். தண்டில் மேடாக வளையம் தெரிந்து, இலை மஞ்சளித்து வாடினால் உள்ளே புழு இருக்கிறது. உள்ளே போனபின் மருந்து பயன்படாது. ஏப்ரல் முதல் ஜூன் வரையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் வண்டு பறக்கும் காலம். அதற்கு முன் தண்டின் தளர்ந்த பட்டையைத் தேங்காய்நாரால் தேய்த்து எடுத்து, பத்து சதவீதச் சுண்ணாம்புக் கரைசலைத் தண்டில் பூசலாம். பாதித்த செடியை வேரோடு பிடுங்கி எரிக்கவேண்டும். விறகுக்கென்று அடுக்கி வைத்தால் அந்த அடுக்கிலிருந்தே அடுத்த தலைமுறை வண்டு வரும்.

காய்த் துளைப்பான். இந்தியாவில் 1990இல் கூடலூர்ப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்டது. இந்தச் சிறு வண்டு காயின் தொப்புள் பக்கம் குண்டூசித் துளை போட்டு நுழைந்து கொட்டையைத் தின்னும். ஒரு பருவத்துக்கும் அடுத்த பருவத்துக்கும் இடையில் செடியில் காயே இல்லாத சில மாதங்கள்தான் இதைப் பட்டினி போடும் காலம். பறிப்பு முடிந்தபின் செடியிலும் தரையிலும் ஒரு காய்கூட விடாமல் பொறுக்குவது அதனால்தான் இவ்வளவு வலியுறுத்தப்படுகிறது. பருவம் தப்பிப் பூத்து ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு காய் இருக்கும் தோட்டத்தில் இதை ஒழிப்பது மிகக் கடினம். ஜனவரி மழையின் கேடு அந்த ஆண்டோடு நிற்பதில்லை என்பதற்கு இது ஒரு காரணம். துளை விழுந்த காய்களை இரண்டு மூன்று நிமிடம் கொதிநீரில் அமிழ்த்திப் பிறகு காயவைக்கலாம்.

பழத்திலிருந்து தூளுக்கு: எடைக் கணக்கு

பூத்ததிலிருந்து அராபிகாவுக்கு எட்டு ஒன்பது மாதம், ரொபஸ்டாவுக்குப் பத்துப் பதினொரு மாதம். விரலால் அழுத்தினால் கொட்டை வழுக்கி வெளியே வரும் பழத்தைத்தான் பறிக்கவேண்டும். பச்சைக்காய் கலந்தால் கசப்பும் புல்வாசமும் தூள்வரை போகும்.

பறித்த அன்றே பல்ப்பர் என்ற இயந்திரத்தில் போட்டுத் தோலை நீக்கி, கொழகொழப்பு போக நொதிக்கவைத்துக் கழுவி உலர்த்தினால் பார்ச்மென்ட். அராபிகாவுக்கு நொதிப்பு 24 முதல் 36 மணி நேரம். கையில் அள்ளித் தேய்த்தால் வழுக்காமல் கூழாங்கல்போல் உராயவேண்டும். அதற்கு மேல் விட்டால் புளிப்பு நாற்றம் ஏறும், எந்த வறுவலும் அதை மறைக்காது. களத்தில் ஏழு முதல் பத்து நாள் காயவைத்து ஈரப்பதத்தைப் பத்து சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். பழத்தோடு அப்படியே காயவைப்பது செர்ரி. அதற்கு இரண்டு வாரம் வரை ஆகும், ரொபஸ்டாவில் இதுதான் அதிகம்.

சுமார் ஆறு கிலோ அராபிகாப் பழத்திலிருந்து ஒரு கிலோ சுத்தமான பச்சைக் கொட்டை. வறுக்கும்போது 15 முதல் 20 சதவீதம் எடை குறையும். ஆக ஒரு கிலோ கலப்பில்லாத தூளுக்கு ஏழு கிலோ பழம். ஆறடிக்கு ஆறடி நட்ட ஏக்கரில் 1,210 அராபிகா செடி. அந்த ஏக்கர் 400 கிலோ கொட்டை கொடுப்பதாக வைத்துக்கொண்டால் செடிக்கு 330 கிராம். ஒரு கிலோ தூள் என்பது மூன்று நான்கு செடிகள் ஓர் ஆண்டு முழுவதும் கொடுப்பது. சிக்கரி கலந்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி; கலப்பு விகிதம் பாக்கெட்டின்மேல் அச்சிட்டிருக்கும். கொட்டை விலை ஏறும் காலத்தில் பாக்கெட் விலையை மட்டும் பார்க்காமல் அந்த விகிதத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

பிரேசிலில் பனி விழுந்தால் இங்கே ஏன் விலை ஏறுகிறது?

இந்தியா தன் காபியில் பெரும்பகுதியை ஏற்றுமதி செய்கிறது. வெளிநாட்டில் கிடைக்கும் விலையைவிடக் குறைவாக உள்ளூர் வறுவல்காரருக்கு யாரும் கொட்டை தரமாட்டார்கள். அராபிகா விலை நியூயார்க் சந்தையிலும், ரொபஸ்டா விலை லண்டன் சந்தையிலும் முடிவாகின்றன. உலக உற்பத்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பிரேசில், அடுத்து வியட்நாம். கர்நாடகத்தின் காபி ஊரான சிக்மகளூரின் களத்து விலையை முடிவுசெய்வதும் இந்த இரு நாடுகளின் வானிலைதான்.

அங்கேயும் கதை பூவைச் சுற்றித்தான். பிரேசிலில் செப்டம்பர், அக்டோபர் பூ மழை தவறினால் அடுத்த ஆண்டு அறுவடை குறையும் என்று சந்தை அன்றே விலையை ஏற்றிவிடும். உறைபனி இன்னும் கொடியது: பூவோடு நிற்காமல் பூக்கவேண்டிய கிளையையே கருக்கிவிடும். 1975 ஜூலையில் பிரேசிலின் பரானா மாநிலத்தில் விழுந்த உறைபனி தோட்டங்களை ஏறத்தாழ முழுவதும் அழித்தது. 1977இல் நியூயார்க் விலை பவுண்டுக்கு மூன்று டாலரைத் தாண்டியது. 2021 ஜூலையில் பிரேசிலில் மீண்டும் பனி. 2024இல் வியட்நாம் வறட்சியோடு லண்டன் ரொபஸ்டா டன்னுக்கு 5,000 டாலரைக் கடந்தது. பிரேசில் வறட்சியும் சேர, 2024 டிசம்பரில் அராபிகா 1977இன் உச்சத்தை முறியடித்து, 2025 பிப்ரவரியில் பவுண்டுக்கு நான்கு டாலரையும் தாண்டியது.

விலை ஏறினால் உடனே அதிகம் விளைவிக்கலாமே?

முடியாது. காரணம் செடியின் காலக்கணக்கு.

1. டிசம்பர், ஜனவரியில் விதை. நல்ல தாய்ச்செடியின் முற்றிய பழத்தைப் பிதுக்கி, சாம்பலில் புரட்டி, நிழலில் உலர்த்தி, தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி மேட்டுப்பாத்தியில் ஊன்றி வைக்கோலால் மூடவேண்டும். விதை சில மாதங்களிலேயே முளைப்புத்திறன் இழந்துவிடும். சேமித்துவைக்கும் பேச்சே இல்லை.
2. 45 நாளில் முளைக்கும். இரு விதையிலை விரிவதற்கு முன், தொப்பி போட்டதுபோல் நிற்கும் நிலையில், ஆறு பங்கு காட்டுமண், இரண்டு பங்கு மக்கிய தொழுவுரம், ஒரு பங்கு மணல் நிரப்பிய பைக்கு மாற்றவேண்டும். ஆணிவேர் மடங்கினால் அந்தச் செடி வாழ்நாள் முழுக்கத் தேறாது.
3. கோடை மழையில் ஒன்றரை அடிக் குழி தோண்டி ஆறவிட்டு, பருவமழையில் நடவு.
4. மூன்றாம் நான்காம் ஆண்டில் முதல் காய்ப்பு. ஆறேழு ஆண்டில்தான் முழு விளைச்சல்.

எந்த ரகம் நடுவது என்ற முடிவும் அதனால் கனமானது. அராபிகாவில் பலகாலமாக நிலைத்தது எஸ்.795, சுவைக்குப் பெயர் பெற்றது, ஆனால் துருவை எதிர்க்கும் திறன் நாளடைவில் குறைந்துவிட்டது. பாலெஹொன்னூர் மத்திய காபி ஆராய்ச்சி நிலையம் 2007இல் வெளியிட்ட சந்திரகிரி குட்டையாக வளர்வது, துருவைப் பெரிதும் தாங்குவது. தமிழ்நாட்டுக்கென்று தாண்டிக்குடியில் ஒரு மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாற்று வாங்குவதற்கு முன் அங்கே கேட்பது நல்லது, ஏனென்றால் தவறான நாற்றின் விலை நான்கு ஆண்டு கழித்துத்தான் தெரியும்.

விலை உச்சத்தில் இருக்கும்போது உலகெங்கும் நடுகிறார்கள். அவையெல்லாம் ஒன்றாகக் காய்க்கும்போது விலை சரிகிறது. 1990களில் வியட்நாம் பெருமளவில் ரொபஸ்டா நட்டு, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உலகின் இரண்டாம் பெரிய உற்பத்தியாளராயிற்று. 2001இல் நியூயார்க் விலை பவுண்டுக்கு 50 சென்டுக்கும் கீழே விழுந்தது. அந்த ஆண்டுகளில் பறிப்புக் கூலிகூடக் கட்டுப்படியாகாமல் பழத்தைச் செடியிலேயே விட்டவர்கள் பல நாடுகளிலும் இருந்தார்கள். கீழ்ப்பழனி மலையில் காபிக்கு இடையே மிளகும் மலைவாழையும் ஆரஞ்சும் அவகாடோவும் நிற்பது இந்தக் கணக்கில்தான்: பூ மழை தவறிய ஆண்டிலும், விலை விழுந்த ஆண்டிலும் தோட்டத்தைப் பராமரிக்கும் கூலி அவற்றிலிருந்து வருகிறது.